சோவியத் சின்னத்துக்கு 18,500 ரூபாய் கொடுத்து ஏமாந்தேன்: சேகரிப்பாளர்கள் கவனத்துக்கு

18,500 ரூபாய். பார்சலைப் பிரித்த சூட்டோடு எழுதுகிறேன். ஆறப்போட்டால் மரியாதையாக எழுதிவிடுவேன்.

பழம்பொருள் விற்கும் ஓர் இணையச் சந்தையில் ஒருவர் சோவியத் ஒன்றியத்தின் அரசுச் சின்னம் பொறித்த வார்ப்புத் தகட்டை விற்பனைக்கு வைத்திருந்தார். ‘போர்க்காலத்தது, 1942’ என்று குறிப்பு. தொலைபேசியில் நெடுநேரம் பேசினார். சுத்தியல் தொழிலாளி, அரிவாள் உழவர், அவை பூமி உருண்டையின் மேல் இருப்பது புரட்சி உலகெங்கும் பரவும் என்பதற்காக, கீழே உதயசூரியன், இருபுறமும் கோதுமைக் கதிர்... ஒன்றும் தப்பில்லை. விஷயம் தெரிந்த மனிதர் என்று நம்பிப் பணம் அனுப்பினேன். படங்களில் தகட்டின் இரு ஓரங்களையும் வெல்வெட் துணி மூடியிருந்தது. கீறல் விழாமல் இருக்கவாம்!

அந்த ஓரங்களில்தான் சங்கதியே இருக்கிறது. கதிர்களைச் சுற்றிவரும் சிவப்பு நாடாவில் ‘உலகத் தொழிலாளர்களே, ஒன்றுபடுங்கள்’ என்ற முழக்கம் ஒன்றியக் குடியரசுகளின் மொழிகளில் இருக்கும். 1923-இல் 6 மொழிகள். 1936 அரசியலமைப்புக்குப் பின் 11. 1946-இல் 16. கரேலிய-பின்னிஷ் குடியரசை 1956-இல் ரஷ்யக் குடியரசுக்குள் சேர்த்ததும் பின்னிஷ் மொழி நாடா போயிற்று. அதன்பின் 1991 வரை 15. எனக்கு வந்த தகட்டில் இடப்பக்கம் ஏழு சுற்று, வலப்பக்கம் ஏழு, அடியில் நடுவே ரஷ்ய மொழியில் ஒன்று. 1942-இல் 15 நாடாவா?

கேட்டால், “வார்ப்பவர் கைப்போக்கில் ஒன்றிரண்டு கூடக்குறைய வரும் சார்” என்றார். அரசுச் சின்னத்தில்! அதற்குப் பிறகு அழைப்பை எடுக்கவில்லை. சந்தையின் வாடிக்கையாளர் சேவையோ, “சோவியத் சின்னம் என்று விற்கப்பட்டது, சோவியத் சின்னமே வந்திருக்கிறது” என்று புகாரை முடித்துவிட்டது. பிற்காலத் தகடு என்று சொல்லியிருந்தால் 18,500 ரூபாய்க்கு அதை யார் சீந்துவார்கள்?

போலியைக் கண்டுபிடிப்பது பற்றி விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், பொறுமை இல்லை. நாடாவை எண்ணுங்கள். ஓரம் தெரியாத படத்தை நம்பிப் பணம் அனுப்பாதீர்கள். பார்சல் பிரிப்பதைக் காணொளி எடுங்கள். கடன் அட்டையில் கட்டியிருந்தால் வங்கியிடம் உடனே முறையிடுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. நான் புகார் பதிந்துவிட்டேன். 18,500 ரூபாய் திரும்பி வந்தால் இங்கேயே சொல்கிறேன்.