ஹெவி கடல் ராடு: பல வருடம் உப்பில் ஓட்டிய இரண்டு ராடுகளின் அனுபவம்

தூத்துக்குடிப் பக்கம் பைபர் படகில் போய்ப் பாரை, சீலா, களவா பிடிக்க நான் வைத்திருப்பது இரண்டு ராடு, அதாவது தூண்டில் கம்பு. ஒன்று ஆறரை அடி போட் ராடு, கண்ணாடி இழையும் கார்பனும் கலந்தது, 50 பவுண்டு லைனுக்கானது (லைன் என்றால் தூண்டில் நூல்). இன்னொன்று எட்டடி கார்பன் பாப்பிங் ராடு, தண்ணீர் மேல் தெறித்து வரும் பொய் இரையை எறிந்து இழுப்பதற்கு; பி.இ. 8 தடிமனில் பிரெய்டு, அதாவது பின்னல் லைன், போடுவது. என் ராடுகளின் கம்பெனிப் பெயர் எழுதப் போவதில்லை. ராடு எந்த இடத்தில் தாங்குகிறது, எந்த இடத்தில் கைவிடுகிறது என்பதைத்தான் சொல்ல வந்தேன். இத்தனை வருடத்தில் இரண்டு ராடிலும் பிளாங்க், அதாவது வெறும் தண்டு, ஒரு தொந்தரவும் கொடுத்ததில்லை. உப்புக்கு முதலில் பலியானது லைன் ஓடும் வளையமான கைடும், லைன் சுற்றும் ரீலைப் பூட்டுகிற ரீல் சீட்டும்தான். கடையிலோ பிளாங்க்கைப் பற்றி மட்டும்தான் பேசுகிறார்கள்.

அதனால் பிளாங்க் கதையைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன். பிசின் ஊறிய கார்பன் துணியை இரும்புக் கம்பியில் சுற்றி, மேலே டேப்பை இறுக்கிச் சுற்றி, அடுப்பில் வேகவைத்து, கம்பியை உருவி எடுத்தால் பிளாங்க். நீளவாக்கில் ஓடும் இழை வளைவைத் தாங்கும். குறுக்கே சுற்றிய இழை, குழாய் நசுங்காமல் பார்த்துக்கொள்ளும். ராடு ஆழமாக வளையும்போது குழாய் முட்டை வடிவத்துக்கு அமுங்கப் பார்க்கும், அப்போது குறுக்கு இழை போதாவிட்டால் சடாரென்று போய்விடும். கார்பன் இழைக்குக் கண்ணாடி இழையைவிட மூன்று மடங்கு விறைப்பு, எடையும் குறைவு. ஆனால் கண்ணாடி இழை அறுவதற்கு முன் 4 விழுக்காட்டுக்கு மேல் நீண்டு கொடுக்கும், கார்பன் 2 விழுக்காடு வாக்கிலேயே விட்டுவிடும். ஷேக்ஸ்பியர் கம்பெனி 1976-ல் கொண்டுவந்த அக்லி ஸ்டிக் ராடு பெயர் வாங்கியது இந்த இரண்டு இழையும் கலந்ததால்தான். என் போட் ராடு வேறு கம்பெனி, ஆனால் அதே வழி. நுனி முழுக்கக் கெட்டியான கண்ணாடி இழை. படகு விளிம்பில் எத்தனையோ முறை மோதியிருக்கிறது, ஒரு கீறலுக்கு மேல் எதுவும் இல்லை. நாள் முழுக்க எறிய அது ஆகாது, கை ஓய்ந்துவிடும். அந்த வேலைக்குக் கார்பன்தான்.

கார்பன் ராடு என் கண்முன் ஒடிந்தது ஒரே ஒரு தடவை. கூட வந்த நண்பருடையது. பாரை படகடியில் வந்து நின்றதும் ராடை நெட்டுக்குத்தாகத் தூக்கினார். "தம்பி, கம்பத் தாழ்த்திப் புடிங்க, மேல தூக்காதீய" என்று படகுக்கார அண்ணாச்சி சொல்லி வாய் மூடவில்லை, நுனியிலிருந்து இரண்டடியில் போய்விட்டது. அண்ணாச்சி பிடிப்பது கம்பில்லாத தங்கூசிக் கைத்தூண்டியில். ஆனாலும் கம்பின் குணம் அவருக்கு அத்துப்படி. ராடு செங்குத்தாக நின்றால் அடிப்பகுதி வேலையே செய்யாது, மொத்தப் பாரமும் மெல்லிய நுனியில் விழும். பாப்பிங் ராடுகளில் டிராக் அளவை (மீன் இழுக்கும்போது ரீல் லைனைப் பிடித்து நிறுத்தும் இறுக்கம்) 45 டிகிரிக்கு ஒன்று, 90 டிகிரிக்கு அதைவிடக் குறைவாக ஒன்று என்று போடுவது இதற்காகத்தான். ஈய ஜிக் (கனமான பொய் இரை) ஆடி வந்து பிளாங்க்கில் அடித்தாலும் அப்படித்தான். அடிபட்ட அன்று ஒன்றும் தெரியாது, பிறகு ஒரு நாள் சின்ன மீனுக்கு ஒடியும்.

இனி கைடு. போட் ராடில் மூன்றாவது கைடின் அடியில், கைடைத் தண்டோடு பிணைக்கும் நூல் கட்டின் ஓரத்தில், மேலே பூசிய எபாக்சிப் பிசின் முதலில் மயிரிழை அளவுக்கு விரிசல் விட்டது. கட்டைவிரலால் அமுக்கினால் டீத்தண்ணி நிறத்தில் ஒரு துளி கசியும். பிளேடு வைத்துக் கட்டைப் பிரித்துப் பார்த்தேன். வெளியே பளபளவென்று இருந்த அதே கைடின் கால், உள்ளே கறுத்துப் புள்ளி புள்ளியாக அரித்துக் கிடந்தது. துருப்பிடிக்காத எஃகைக் காப்பது அதன் மேல் படியும் குரோமியம் ஆக்சைடு படலம். அந்தப் படலம் நிலைக்க ஆக்சிஜன் வேண்டும். நூல் கட்டுக்குள் அடைபட்ட உப்புத் தண்ணீரில் அது கிடைக்காது, அங்கே அரிப்பு தொடங்கிவிடும். மாலிப்டினம் கலந்த 316 ரகம் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். டைட்டானியம் ஃபிரேமுக்கு இந்தக் கவலையே இல்லை, விலைதான் கசக்கும். என் பாப்பிங் ராடில் ஃபியூஜி கம்பெனியின் டைட்டானியம் கைடு, சிலிக்கான் கார்பைடு வளையம். இன்று வரை ஒரு புள்ளி துரு கிடையாது. கூடுதல் காசு கொடுக்கிறதென்றால் இதற்குத்தான் கொடுப்பேன்.

வளையத்தைப் பார்க்கப் பஞ்சுக் குச்சி போதும். உள்ளே விட்டுச் சுற்றுங்கள். பஞ்சு ஓரிடத்தில் மாட்டி இழுபட்டால் அங்கே விரிசல். கண்ணுக்குத் தெரியாத அந்த விரிசல் பிரெய்டை நறுக்கிவிடும், மீனும் போய்விடும், ஜிக்கும் போய்விடும்.

ரீல் சீட்டில் இன்னொரு சங்கதி. கார்பனும் அலுமினியமும் ஒட்டி நின்று நடுவில் உப்புத் தண்ணீர் இருந்தால் அலுமினியம்தான் கரையும், மின்கலத்தில் நடப்பதேதான். வெள்ளைப் பொடி பூத்து மறை இறுகி, ரீலைக் கழற்றவே முடியாமல் போகும். கடலில் இருந்து வந்த அன்றைக்கே ரீலைக் கழற்றி, மறையைப் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்து, காய்ந்த பின் மெல்லிய கிரீஸ் வைப்பேன்.

கழுவுகிற தண்ணீரையும் பார்க்க வேண்டும். நம் கடற்கரை ஊர்களில் பல போர் தண்ணீரே உப்பு கரிக்கும். அதில் கழுவினால் உப்பின் மேல் உப்புதான். குடிதண்ணீர் ஒரு குடம் போதும். பீய்ச்சி அடிக்காதீர்கள், உப்பு கட்டுக்குள் போய் உட்காரும். ஈரத்துணியால் நூல் கட்டின் ஓரங்களைத் துடைத்து, நிழலில் காயப்போட்டால் சரி. கச்சான் காற்று மாதங்களில் கடல் பொங்கிக் கிடக்க, ராடு மூலையில் சும்மா நிற்கும்போதுதான் துரு வளர்கிறது. அதனால் உறைக்குள் போடாமல் திறந்தே வைக்கிறேன்.

இடி மின்னல் தெரிந்தால் கார்பன் ராடைக் கீழே படுக்க வைத்துவிடுங்கள். கார்பன் மின்சாரம் கடத்தும். தலைக்கு மேல் மின்கம்பி போகும் இடத்திலும் இதே எச்சரிக்கை வேண்டும்.

இரண்டு துண்டாகக் கழலும் ராடு என்றால் எறிய எறிய இணைப்பு தளரும். தளர்ந்த நிலையில் எறிந்தால் மற்ற துண்டை உள்ளே வாங்கும் பெண் பாகம் நீளவாக்கில் பிளக்கும். மெழுகுவத்தியை லேசாகத் தேய்த்து, நடுநடுவே இறுக்கிப் பார்த்துக்கொள்கிறேன்.

மூன்றாவது கைடை மாற்றி, புது நூல் சுற்றி, கால் முனையில் இடைவெளி இல்லாமல் எபாக்சி பூசியதில் போட் ராடு பழையபடி ஓடுகிறது. புதிதாக வாங்குகிறவர்கள் கடையிலேயே லென்ஸ் வைத்து அந்தக் கால் முனையைப் பாருங்கள். குமிழியோ ஓட்டையோ தெரிந்தால் வேறு ராடு கேளுங்கள். நுனி கைடு மட்டும் போனால் பயமில்லை. அது பெரும்பாலும் சூடாக்கினால் இளகும் பசையில்தான் ஒட்டியிருக்கும்; லைட்டரால் கைடின் குழாயை மட்டும் மெல்லச் சூடாக்கி உருவிவிட்டு, அதே அளவில் வேறொன்றை ஒட்டிக்கொள்ளலாம்.