தையில் ஒன்று, ஆடியில் ஒன்று: லெக்வியோ ஊசி

லெக்வியோ என்பது, ரத்தத்தில் எல்டிஎல் என்ற கெட்ட கொலஸ்ட்ராலைக் குறைக்கும் இன்க்ளிசிரான் மருந்தின் விற்பனைப் பெயர். ஒரு சிரிஞ்சில் 1.5 மில்லி, அதில் 284 மில்லிகிராம் மருந்து. வயிற்றுத் தோலுக்கு அடியில் நர்ஸ் போட்டுவிடுவார். முதல் ஊசிக்கு மூன்று மாதம் கழித்து இரண்டாவது, பிறகு ஆறு மாதத்துக்கு ஒன்று. தென்னாப்பிரிக்காவின் டர்பனில் இருப்பவர்கள் கணக்கு வைத்துக்கொள்வது சுலபம்: தீபாவளி வாக்கில் தொடங்கினால் அடுத்தது தைப்பூசக் காவடி சமயம், அதற்கடுத்தது ஆடிக் கஞ்சி பூசை. அப்புறம் தையும் ஆடியும்தான்.

எல்டிஎல் கொலஸ்ட்ராலைப் பிடித்து உள்ளே இழுக்கும் ஏற்பிகள் கல்லீரல் அணுக்களின் மேல் இருக்கின்றன. பிசிஎஸ்கே9 என்ற புரதம் அவற்றை அழித்துவிடும். எல்டிஎல்லைக் குறைக்கும் இன்னொரு மருந்தான எவோலோக்குமாப் ஊசி, ரத்தத்தில் சுற்றும் அந்தப் புரதத்தைப் பிடித்துக் கட்டிப்போடுகிறது. இன்க்ளிசிரான் அதற்கு முன்னாலேயே, புரதத்தைச் செய்யச் சொல்லும் ஆர்என்ஏ ஓலையை வெட்டிவிடுகிறது. மருந்தோடு ஒட்டிய மூன்று கிளைச் சர்க்கரைதான் அதைக் கல்லீரலுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. இரண்டே நாளில் ரத்தத்திலிருந்து மறைந்தாலும் கல்லீரலுக்குள் மாதக்கணக்கில் வேலை நடக்கும். அருமையான யோசனை இது!

ஐரோப்பாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் நடந்த ஒரியன்-11 ஆய்வில் எல்டிஎல் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. இளவயதிலேயே மாரடைப்பு கண்ட நம் குடும்பங்களுக்கு இது சின்ன விஷயமல்ல. இன்னொரு வசதி, ஃபிரிட்ஜ் வேண்டாம். லோட் ஷெடிங் என்ற மின்வெட்டைப் பார்த்த ஊரில் இதன் அருமை தெரியும். உறைய மட்டும் விடக் கூடாது.

குறையும் உண்டு. ஒப்புதலுக்கு வழிவிட்ட ஆய்வுகள் முக்கியமாக அளந்தது எல்டிஎல்லைத்தான். மாரடைப்பும் பக்கவாதமும் குறைந்ததற்கு எவோலோக்குமாபிடம் 2017-இன் ஃபோரியர் ஆய்வு இருக்கிறது. இரண்டு வாரத்துக்கு ஒரு முறை தவறாமல் குத்திக்கொள்ள முடிந்தவர், டாக்டரிடம் அதைப் பற்றி முதலில் கேட்பது நல்லது. விலையும் அதிகம், மெடிக்கல் எய்ட் (மருத்துவக் காப்பீடு) ஒத்துக்கொள்ளுமா என்று முன்கூட்டியே எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

பலர் செய்யும் தவறு, ஊசி போட்டாயிற்று என்று, கொலஸ்ட்ராலுக்காக எடுக்கும் ஸ்டாட்டின் மாத்திரையை நிறுத்துவது. டாக்டர் சொல்லாமல் நிறுத்தாதீர்கள். ஆய்வுகளில் பெரும்பாலோர் மாத்திரையும் சேர்த்தே எடுத்தார்கள். தடிப்போ வெயில் சுட்ட காயமோ உள்ள இடத்தில் குத்தக் கூடாது. குத்திய இடம் சிவந்து வலித்தால் பெரும்பாலும் தானே அடங்கும். தவணை தவறினாலும், மூன்று மாதத்துக்குள் போட்டுவிட்டால் பழைய கணக்கே தொடரும். அதையும் தாண்டினால் முதல் ஊசியிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும்.