ஆயிலில் கூலண்ட்: ஹெட்டை இறக்கும் முன் எந்தச் சோதனையை நம்பலாம்?

மூலக்கடையிலிருந்து தண்டையார்பேட்டை வரை எந்த ஷெட்டில் வண்டியை விட்டாலும் சரி. ஆயில் மூடியைத் திறந்ததும் உள்ளே டிகாக்ஷனில் பால் ஊற்றியது போல இருந்தால், அதாவது எஞ்சினைக் குளிரவைக்கும் கூலண்ட் (ஷெட் பாஷையில் தண்ணீர்) ஆயிலில் கலந்தது போலத் தெரிந்தால், மெக்கானிக் சொல்வது ஒன்றுதான்: “ஹெட் கேஸ்கெட் பூட்ச்சுபா. ஹெட்டை எறக்கித்தான் ஆவணும்.” ஹெட் என்பது சிலிண்டர்கள் இருக்கும் பிளாக்கின் மேல்மூடி; கேஸ்கெட் இரண்டுக்கும் நடுவே கசியாமல் அடைக்கும் தகடு. பல நேரம் அது சரியாகவும் இருக்கும். ஆனால் சரியாக இல்லாத வண்டிகளும் நிறைய. கால் டாக்ஸி ஓட்டுகிறவருக்கு ஹெட்டை இறக்கினால் வண்டி ஒரு வாரம், பத்து நாள் நிற்கும். டியூ தேதி நிற்காது. கடைசியில் கோளாறு ஆயில் கூலரில்தான் என்று தெரியவந்தால் அந்த நாட்களையும் பணத்தையும் யார் திருப்பித் தருவார்கள்? அதனால்தான் ஷெட்டுகளில் கிடைக்கும் சோதனைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன்.

முதலில், அது கூலண்ட்தானா?

மூடியின் அடியில் மட்டும் வெள்ளைப் பசை இருந்து, ஆயில் கேஜில் (அளவு பார்க்கும் கம்பியில்) வரும் ஆயில் தெளிவாக இருந்தால் அவசரப்பட வேண்டாம். அது எஞ்சினுக்குள் படியும் ஈரமாக இருக்கலாம். குளிர் நாடுகளில்தான் இது அதிகம் என்றாலும் நம் பக்கத்தில் இதற்கு ஒரு தனிக் காரணம் உண்டு. வண்டி சூடேறுகிறது என்று போனால் பல ஷெட்டுகளில் தெர்மோஸ்டாட்டை (எஞ்சின் சூடாகும்வரை கூலண்டை ரேடியேட்டருக்கு விடாமல் நிறுத்தும் வால்வை) கழற்றி எறிந்துவிட்டு “இனிமே ஹீட் ஆவாதுணா” என்று அனுப்பிவிடுகிறார்கள். அதன்பின் எஞ்சின் தன் சரியான சூட்டுக்கு வரவே நேரமாகும். ராயபுரத்திலிருந்து பீச் ஸ்டேஷன் வரை போய்த் திரும்பும் ஓட்டத்தில் ஈரம் ஆவியாகி வெளியேறாது, மூடியில் வந்து பசையாக ஒட்டும். புது தெர்மோஸ்டாட் போட்டு, நீண்ட தூரம் ஒருமுறை ஓட்டிவிட்டுத் துடைத்துப் பாருங்கள்.

இன்னொன்று மழைநீர். வியாசர்பாடி கணேசபுரம் சுரங்கப்பாதையில் தண்ணீர் நிற்கும்போது இறக்கிய வண்டிக்கும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் மூழ்கிக் கிடந்த வண்டிகளுக்கும் ஆயில் இதே நிறத்தில்தான் மாறியது. வித்தியாசம் கூலண்ட் டப்பாவில் தெரியும். வெள்ளநீர் புகுந்திருந்தால் ஆயில் அளவு ஏறியிருக்கும், கூலண்ட் அளவு அப்படியே இருக்கும். கூலண்ட் உள்ளே போயிருந்தால் அங்கே குறைந்தது இங்கே ஏறியிருக்கும். மூழ்கிய வண்டியை எந்தக் காரணத்துக்காகவும் ஸ்டார்ட் செய்து பார்க்காதீர்கள். சிலிண்டரில் தண்ணீர் நின்றால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும்.

எந்த வழியாக வருகிறது?

சோதனைகளை ஒப்பிடும் முன் இது புரிய வேண்டும். தண்ணீரும் ஆயிலும் சந்திக்கக்கூடிய இடங்கள் சில. ஹெட் கேஸ்கெட்டில் தண்ணீர் ஓடும் ஓட்டைக்கும் ஆயில் ஓடும் ஓட்டைக்கும் நடுவே கிழிந்திருக்கலாம். ஹெட்டிலோ பிளாக்கிலோ வெடிப்பு இருக்கலாம். தண்ணீரால் ஆயிலைக் குளிரவைக்கும் ஆயில் கூலரின் உள்தகடு ஓட்டை விழுந்திருக்கலாம். சில எஞ்சின்களில் டைமிங் கவர் கேஸ்கெட்டும் காரணமாகும். எண்ணூர் நெடுஞ்சாலையோரம் கன்டெய்னர் லாரி பார்த்துப் பழகிய கைகள் உடனே “லைனர் ஓ-ரிங்” என்று சொல்லும். வெட் லைனர் (சுற்றிலும் தண்ணீர் தொடும் தனி சிலிண்டர் குழாய், அதை ரப்பர் வளையம் அடைக்கும்) உள்ள லாரி எஞ்சின்களுக்கு அது சரி. இன்றைய பெரும்பாலான கார் எஞ்சின்களில் அப்படிப்பட்ட லைனரே கிடையாது.

இதில் ஆயில் கூலரைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். டாக்ஸிகளில் ஏராளமாக ஓடிய 1.3 லிட்டர் மல்டிஜெட் டீசல் எஞ்சினில் ஆயில் ஃபில்டர் ஹவுசிங்கோடு சேர்ந்தே அது இருக்கிறது. எஞ்சின் ஓடும்போது ஆயிலின் அழுத்தம் 3, 4 பார் (bar, அழுத்தத்தின் அலகு) வரை போகும்; கூலண்டின் அழுத்தம் ஏறக்குறைய 1 பார்தான். ஆகவே கூலரில் ஓட்டை இருந்தால் ஓடும்போது ஆயில்தான் கூலண்டுக்குள் போகும். வண்டியை நிறுத்தியதும் ஆயில் அழுத்தம் சுழியாகிவிடும். ரேடியேட்டர் பக்கம் சூடு ஆறும்வரை அழுத்தம் நிற்கும். அப்போது கூலண்ட் ஆயிலுக்குள் இறங்கும். எனவே இரண்டு பக்கமும் கலந்திருந்தால், அதாவது டப்பாவில் பழுப்பு நிறப் பிசுக்கும் கேஜில் பால் நிறமும் சேர்ந்து இருந்தால், என் முதல் சந்தேகம் கூலர் மேல்தான். டப்பா சுத்தமாக இருந்து ஆயில் மட்டும் கெட்டிருந்தால், அழுத்தமில்லாத ஆயில் திரும்பும் வழிக்குள் தண்ணீர் கசிகிறது என்று யோசிக்கலாம். அங்கே ஹெட் கேஸ்கெட் முன்னுக்கு வரும்.

எண்ணூர், மீஞ்சூர் வட்டாரத்தில் நிலத்தடி நீரில் கடல்நீர் ஏறியது ஊரறிந்த விஷயம். அந்த போர் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றி ஓட்டிய வண்டியில் அலுமினிய ஹெட்டின் தண்ணீர் ஓட்டைகளைச் சுற்றி அரிப்பு விழும், கூலர் தகடும் அரிக்கும். கூலண்ட் வாங்கக் காசில்லாத நாளில்கூட டிஸ்டில்ட் வாட்டர் கேன் ஒன்று வாங்கி ஊற்றுங்கள்.

பிரஷர் டெஸ்ட்: நான் முதலில் கேட்பது

ரேடியேட்டர் மூடி இருக்கும் இடத்தில் கேஜுடன் கூடிய கைப்பம்பைப் பொருத்தி, மூடியில் எழுதியிருக்கும் அழுத்தம் வரை காற்றடிப்பது. 0.9, 1.1, 1.4 பார் என்று வண்டிக்கு வண்டி மாறும். அதைத் தாண்டி அடிக்கக் கூடாது. எஞ்சின் ஆறியிருக்க வேண்டும். சூட்டில் மூடியைத் திறந்தால் முகம் வெந்துவிடும்.

பெரும்பாலோர் இதைப் பத்து நிமிடத்தில் முடித்துவிடுகிறார்கள். முள் இறங்கவில்லை, வெளியே சொட்டும் இல்லை, “கூலிங் சிஸ்டம் ஓகே” என்கிறார்கள். ஆயிலில் கலக்கும் கசிவு அவ்வளவு வேகமானது இல்லை. இதன் முழுப் பலனும் இரவு முழுக்க விட்டுவைத்தால்தான் கிடைக்கும். முதலில் கெட்ட ஆயிலை வடித்துவிட்டுப் புது ஆயில் ஊற்றுங்கள். விலை குறைந்த ஆயிலே போதும், எஞ்சினை ஓட்டப்போவதில்லை. சாயந்திரம் அழுத்தம் ஏற்றிவிட்டு, தூங்கப் போகும் முன் குறைந்ததைச் சரிக்கட்டி, காலையில் சேம்பரின் (எஞ்சின் அடியிலுள்ள ஆயில் தொட்டியின்) ட்ரெயின் போல்ட்டை முழுக்கக் கழற்றாமல் ஒரு சுற்று மட்டும் தளர்த்துங்கள். கூலண்ட் ஆயிலைவிட கனமானது, அதனால் அடியில் போய்த் தங்கியிருக்கும். போல்ட்டின் மரையோரம் முதலில் பச்சையாகவோ சிவப்பாகவோ சில சொட்டுகள் எட்டிப்பார்க்கும். விரலில் தேய்த்தால் இனிப்பு வாசனையோடு வழவழக்கும், வாயில் வைத்துவிடாதீர்கள், விஷம். அதற்குப் பிறகுதான் ஆயில் வரும். அந்தச் சில சொட்டுகளைப் பார்த்துவிட்டால் கூலண்ட்தானா என்ற கேள்வி தீர்ந்தது.

முள் இறங்கியும் சேம்பரில் ஒன்றும் இல்லை என்றால் வேறு இடம் தேட வேண்டும். முன் சீட்டின் கால்மிதி ஈரமாக இருந்தால் ஹீட்டர் கோர் (வண்டிக்குள் சூடு தரும் சின்ன ரேடியேட்டர்). ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி எஞ்சினைச் சுற்றும்போது தண்ணீர் பீய்ச்சினால் சிலிண்டர்.

இந்தச் சோதனையின் குறை, கசிவு கூலரிலா கேஸ்கெட்டிலா என்று அது பிரித்துச் சொல்லாது. அதற்கு இன்னொரு படி உண்டு. கூலருக்குப் போகும் இரண்டு தண்ணீர் ஹோஸையும் கழற்றி ஒரு குழாய்த் துண்டால் ஒன்றோடொன்று இணைத்துவிட்டு மறுபடி அழுத்தம் ஏற்றுங்கள். முன்பு இறங்கிய முள் இப்போது அசையாமல் நின்றால் திருடன் கூலர்தான். ஹோஸ் இல்லாமல் நேராக பிளாக்கில் பொருத்திய கூலர் என்றால் அதைக் கழற்றி, தண்ணீர் வாயில் ஒன்றை அடைத்து, மற்றதில் காற்று விட்டு, வெந்நீர் பக்கெட்டில் அமுக்கினால் குமிழி வரும். இந்தச் சோதனைக்குச் செலவு ஒரு ஜோடி ஓ-ரிங்கும் அரை நாள் கூலியும்தான். ஹெட்டைத் தொடவே தேவையில்லை.

சில வெடிப்புகள் சூட்டில்தான் விரியும். ஆறிய எஞ்சினில் ஒன்றும் பிடிபடவில்லை என்றால், பம்பைப் பொருத்திவிட்டு வண்டியைச் சூடேற்றி நிறுத்தி மறுபடி பாருங்கள். சூடு ஏற ஏற அழுத்தம் தானாகவே கூடும். மூடியின் அளவைத் தாண்டினால் வால்வைத் தளர்த்தி விட வேண்டும்.

நீல மருந்து டெஸ்ட்: ஆம் என்றால் நம்பலாம்

ரேடியேட்டர் வாயில் கண்ணாடிக் குழாயை வைத்து, எஞ்சின் ஓடும்போது மேலே நிற்கும் காற்றை நீல நிற மருந்தின் வழியாக உறிஞ்சுவார்கள். சிலிண்டரிலிருந்து புகை கூலண்டுக்குள் வந்தால் அதிலுள்ள கார்பன் டை ஆக்சைடு மருந்தை மஞ்சளாக்கும். பத்து நிமிட வேலை, எதையும் கழற்ற வேண்டாம். மஞ்சளானால் பெரும்பாலும் கேஸ்கெட்டோ ஹெட்டோ பிளாக்கோதான் என்று சொல்லலாம்.

ஆனால் மருந்து நீலமாகவே நின்றுவிட்டால் “கேஸ்கெட் நல்லா இருக்கு” என்று முடிவுகட்டுகிறார்களே, அங்கேதான் தவறு நடக்கிறது. இந்த மருந்து காட்டுவது சிலிண்டருக்கும் தண்ணீருக்கும் உள்ள தொடர்பை மட்டுமே. நம் கேள்வி தண்ணீருக்கும் ஆயிலுக்கும் உள்ள தொடர்பு. கேஸ்கெட் ஆயில் ஓட்டைப் பக்கம் மட்டும் கிழிந்திருந்தால் மருந்துக்கு அது தெரியவே தெரியாது. கூலர் ஓட்டையும் அப்படித்தான். டெஸ்டுக்கு முன் கூலண்டைக் கொஞ்சம் குறைத்து மேலே காற்று நிற்க இடம் விட வேண்டும். இல்லையென்றால் கூலண்டே உறிஞ்சப்பட்டு மருந்து பாழாகும். மருந்து பழசா என்று சந்தேகம் வந்தால், ஓடும் வண்டியின் சைலன்சர் வாயில் ஒருமுறை காட்டுங்கள். அங்கேயும் மஞ்சளாகவில்லை என்றால் தூக்கிப் போட வேண்டியதுதான்.

கம்ப்ரஷன், லீக் டவுன்

கம்ப்ரஷன் டெஸ்ட் (ஒவ்வொரு சிலிண்டரும் எவ்வளவு அழுத்தம் தருகிறது என்று அளப்பது) எல்லா ஷெட்டிலும் இருக்கிறது என்பதற்காகவே எல்லாரும் செய்கிறார்கள். பக்கத்துப் பக்கத்து சிலிண்டர் இரண்டும் சேர்ந்து குறைந்தால் நடுவில் கேஸ்கெட் போனதற்கு நல்ல அடையாளம். மற்றபடி இந்த நோய்க்கு அது பதில் சொல்வதில்லை. ஆயில் பால் நிறத்தில் இருக்கும்போதே நான்கு சிலிண்டரும் ஒழுங்கான அளவு காட்டலாம். லீக் டவுன் அதைவிட மேல். பிஸ்டனை மேலே நிறுத்தி சிலிண்டருக்குள் காற்றடித்து, ரேடியேட்டரில் குமிழி வருகிறதா என்று பார்ப்பது. கம்ப்ரஸர் வேண்டும், பொறுமை வேண்டும். நீல மருந்து மஞ்சளாகி, எந்த சிலிண்டர் என்று தெரிய வேண்டியபோது மட்டும் இதைக் கேளுங்கள்.

ஆயிலையே சோதிப்பது

ஆய்வகத்துக்கு அனுப்பினால் சோடியம், பொட்டாசியம் அளவைப் பார்த்துச் சொல்வார்கள். அவை கூலண்டில் சேர்க்கும் மருந்துகளிலிருந்து வருபவை. ஆயிலில் நிறம் மாறும் முன்பே கண்டுபிடிக்க இது நல்ல வழி. பத்து, இருபது வண்டி வைத்து ஓட்டுகிறவருக்கு இது லாபம். இன்று மாலை வண்டி வேண்டும் என்கிறவருக்கு முடிவு வர நாளாகும். உப்பு போர் தண்ணீர் ஊற்றிய வண்டியில் சோடியம் அதனாலும் ஏறும். அதை ஆய்வகத்தில் சொல்லிவிடுங்கள்.

வீட்டிலேயே செய்வதென்றால் பழைய எவர்சில்வர் தட்டை அடுப்பில் நன்றாகக் காய்ச்சி, சேம்பரின் அடியிலிருந்து எடுத்த ஆயிலை ஒரு சொட்டு விடுங்கள். தண்ணீர் இருந்தால் படபடவென்று வெடித்துக் குமிழி விடும்; சுத்தமான ஆயில் சத்தமில்லாமல் பரவும். கண்ணாடி போட்டுக்கொண்டு, ஜன்னலைத் திறந்து வைத்துச் செய்யுங்கள். தண்ணீர் உண்டு என்றுதான் இது சொல்லும், எங்கிருந்து வந்தது என்று சொல்லாது. டார்ச் அடித்துப் பார்க்கும் யுவி சாயம் வெளிக்கசிவுக்குத்தான் அருமையானது.

என் வரிசை

ஆயில் கூலர் உள்ள டீசலுக்கு: டப்பாவில் ஆயில் மிதக்கிறதா பாருங்கள், இரவு பிரஷர் டெஸ்ட், அதன்பின் கூலரைத் தனியாக்கி மறுபடி பிரஷர். இந்த மூன்றையும் தாண்டாமல் ஹெட்டில் ஸ்பானர் வைக்க அனுமதிக்க மாட்டேன். கூலர் இல்லாத சின்ன பெட்ரோல் காருக்கு: நீல மருந்து முதலில், நீலமாகவே நின்றால் இரவு பிரஷர் டெஸ்ட். அதில் சொட்டு வந்து, டைமிங் கவரும் காரணமில்லை என்றால் ஹெட்டை இறக்குவதுதான் வழி, யோசிக்க ஒன்றுமில்லை.

இதற்கிடையில் வண்டியை ஓட்டாதீர்கள். “ரெண்டு ட்ரிப் அடிச்சிட்டு வர்றேன்ணா” என்று கேட்கிற தம்பிகளைப் பார்க்கும்போது மனசு பதறுகிறது. கூலண்ட் கலந்த ஆயிலுக்கு பேரிங்கைத் தாங்கும் வலு இல்லை. கேஸ்கெட் செலவோடு முடிய வேண்டியது கிராங்க் வரை போய்விடும்.

ஹெட் இறங்கியே தீர வேண்டுமென்றால், லேத்தில் ஃபேஸிங் போடும் (அடிப்பரப்பை இழைத்துச் சமமாக்கும்) முன் வெந்நீரில் அமுக்கிக் காற்றழுத்தம் விட்டு வெடிப்பு பார்க்கச் சொல்லுங்கள். வெடித்த ஹெட்டை இழைத்துப் பயனில்லை. ஸ்கேலும் ஃபீலர் கேஜும் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) வைத்து வளைவு எவ்வளவு என்று எழுதி வாங்குங்கள். பல எஞ்சின்களில் ஹெட் போல்ட் ஒருமுறை இறுக்கினால் இழுபட்டுவிடும் வகை. அப்படியானால் புதுசு போட வேண்டும்.

கூலரோ ஹெட்டோ, வேலை முடிந்ததும் மலிவு ஆயிலும் புது ஃபில்டரும் போட்டு, ஐடிலில் சில நிமிடம் ஓட்டி வடியுங்கள். வடியும் ஆயில் தெளிவாக வரும்வரை மறுபடியும். ஆயில் பட்டு ஊதிப்போன ரேடியேட்டர் ஹோஸ்களை மாற்றிவிடுங்கள். அதற்குப் பிறகு நல்ல ஆயில், நல்ல கூலண்ட், கூடவே கழற்றி எறிந்த தெர்மோஸ்டாட்டுக்குப் பதிலாகப் புதியது.