பெயர் சூட்டு விழா: மண்டபமா, குலதெய்வக் கோயிலா, வீடா?

எங்கள் பக்கத்தில் குழந்தையின் காதில் முதலில் பெயர் சொல்வது அத்தைக்குள்ள உரிமை. அந்த முறையில் இதுவரை மூன்று குழந்தைகளுக்குப் பெயர் சொல்லியிருக்கிறேன். அண்ணன் மகனுக்கு மதுரையில் ஒரு மண்டபத்தில், 30-ஆம் நாள். அண்ணன் மகளுக்குச் சாத்தூர்ப் பக்கம் குலதெய்வக் கோயிலில், ஐந்தாம் மாதம். தம்பி மகளுக்குக் கோயம்புத்தூரில் அவள் அம்மிச்சி (அம்மாவின் அம்மா) வீட்டில், 16-ஆம் நாள்.

இப்போது என் சித்தி மகள் மாசமாக இருக்கிறாள். "எங்க வைக்கலாம் அக்கா?" என்று போன வாரம் கேட்டாள். அவள் பிள்ளைக்கு நான் பெரியம்மா, காதில் சொல்லும் வேலை எனக்கில்லை. ஆனாலும் மூன்று இடத்தையும் பக்கத்தில் நின்று பார்த்தவள் என்பதால் அவளுக்குச் சொன்னதை இங்கே விரிவாக எழுதுகிறேன். நான் பார்ப்பது மூன்றே விஷயம்: குழந்தைக்கு எப்படி இருந்தது, பெற்றவளுக்கு எப்படி இருந்தது, பெயர் பெயராகச் சொல்லப்பட்டதா.

மண்டபம்

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஊரைக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சாப்பாடு போட மண்டபத்தை மிஞ்சிய இடமில்லை. அண்ணன் மகனுக்கு 180 இலை விழுந்தது. ரெண்டு பக்கத்துச் சொந்தமும் கல்யாணத்துக்கு அப்புறம் அன்றுதான் ஒன்றாகச் சேர்ந்தது. தாய்மாமன் வெள்ளிக் கொலுசு, அரைஞாண், தொட்டில், பழத்தட்டு என்று மேளத்தோடு சீர் கொண்டுவந்தார். அந்த வரிசை நாலு பேர் பார்க்க வருவதில்தான் அவருக்குக் கௌரவம், வீட்டு வாசலில் அது நடக்காது. வீட்டுப் பெண்கள் யாரும் ஒரு பாத்திரம் கழுவவில்லை.

செலவு பேசும்போது வாடகையை மட்டும் பார்க்கக் கூடாது. எங்களுக்குக் காலை 6 முதல் மதியம் 2 வரை அரைநாள் வாடகை என்றார்கள். கணக்கு முடிக்கும்போது கரண்ட் யூனிட்டுக்குத் தனி, சுத்தம் செய்யும் கூலி தனி, சிலிண்டர் தனி. இதையெல்லாம் முன்பணம் கொடுக்கும் அன்றே கேட்டு எழுதி வாங்க வேண்டும். சாப்பாடு இலைக் கணக்கு என்றால் எத்தனை இலைக்குக் குறைந்தால் பணம் திரும்பும் என்பதையும் கேட்க வேண்டும்.

ஆனால் மதினிக்கு அது கஷ்டமான நாள். சிசேரியன் ஆகி ஒரு மாதம். பட்டுச்சேலை கட்டி, மேடையில் அந்தப் பெரிய சிவப்பு நாற்காலியில் ரெண்டரை மணி நேரம். வருகிறவர்கள் கவரைக் கொடுத்து, குழந்தையின் கன்னத்தைத் தொட்டு, போட்டோவுக்கு நின்றுவிட்டு இறங்குவார்கள். அடுத்த குடும்பம் ஏறும். மணமகள் அறை ஏசி அன்று ஓடவில்லை. பால் கொடுக்க அவள் அம்மா துண்டை விரித்துப் பிடித்துக்கொண்டு கதவோரம் நின்றார். நான் பெயர் சொல்லப் போனபோது விளக்கு வெளிச்சத்தில் பிள்ளை வீறிட்டு அழுதான், ஸ்பீக்கரில் நாகஸ்வரம். மூன்று தடவை சொன்னேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. தவிர, அந்தப் பெயரில் சொல்வதற்கு என்ன மிச்சம் இருந்தது? பத்திரிகையில் அச்சடித்தாகிவிட்டது, வாசல் ஃபிளெக்ஸில் பெரிதாக இருக்கிறது, மேடையில் தெர்மகோலில் வெட்டி ஒட்டியிருக்கிறது. ஊர் முழுக்க வாசித்த பெயரை அவன் காதில் கடைசியாகச் சொன்னேன்.

இன்னொன்று, அன்று எங்களுக்குத் தோன்றாதது. பிறந்த உடனே குழந்தைக்குப் போடுவது பிசிஜி, போலியோ சொட்டு மருந்து, ஹெபடைடிஸ் பி. கக்குவான் இருமல், தொண்டை அடைப்பான் எல்லாவற்றுக்கும் சேர்த்துப் போடும் பென்டாவேலன்ட் ஊசி 6, 10, 14-ஆம் வாரங்களில்தான். ஆக, 30-ஆம் நாள் குழந்தைக்கு அந்த ஊசியில் முதல் தவணைகூட விழுந்திருக்காது. அந்தப் பிள்ளையை 180 பேர் மாறி மாறித் தொட்டு முத்தம் கொடுப்பது எனக்கு இப்போது நினைத்தாலும் பதறுகிறது. மண்டபம்தான் வேண்டுமென்றால் 14-ஆம் வார ஊசி முடிந்த பிறகு, நாலாம் மாதத்தில் வையுங்கள். ஊசி போட்ட மறுநாளே நாள் குறிக்காதீர்கள். ஒன்றிரண்டு நாள் காய்ச்சல் அடிக்கலாம், தொடை வீங்கி வலிக்கும், தூக்கினாலே அழும்.

குலதெய்வக் கோயில்

அண்ணன் மகள் பிறந்தபோது வீட்டில் ரெண்டு கட்சி. அப்பத்தா பெயரை வைக்க வேண்டும் என்று அப்பா. பேரன், பேத்தி என்ற சொல்லே பெயரிலிருந்து வந்ததுதானே, பெயரன், பெயர்த்தி. தாத்தா பாட்டி பெயரைத் தாங்குகிறவர்கள். அப்பா அதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார். பள்ளிக்கூடத்தில் கூப்பிட நன்றாக இருக்க வேண்டும் என்று மதினி. நாலு மாதம் இது ஓடியது. குழந்தையைப் "பாப்பா" என்றே கூப்பிட்டுக்கொண்டிருந்தோம். கடைசியில் சாமியிடம் விட்டுவிடலாம் என்று முடிவானது.

மதுரையிலிருந்து விடியற்காலை நாலரைக்கு வேனில் கிளம்பினோம், வெயிலுக்கு முன்னால் திரும்ப வேண்டும் என்று. பொங்கல் வைத்தோம். குழந்தையைச் சாமி காலடியில் போட்டு எடுத்தார்கள். பூசாரி வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனி இலையில் மடித்துக் கட்டிப் போட்டார். கோயிலுக்கு வந்திருந்த ஒரு சின்னப் பெண்ணைக் கூப்பிட்டு ஒன்றை எடுக்கச் சொன்னார். வெள்ளை வந்தது, அப்பத்தா பெயர். மதினி ஒரு வார்த்தை மறுபேச்சு பேசவில்லை. பூ சொன்ன பிறகு யார் என்ன சொல்ல? பெயர்த் தகராறு இருக்கும் வீட்டுக்குக் கோயிலைப் போல ஒரு இடம் கிடையாது என்று அன்றுதான் புரிந்துகொண்டேன். ஆனால் ரெண்டு பெயரும் பெற்றவர்களுக்குச் சம்மதமான பெயராக இருந்தால்தான் பூப்போட்டுப் பார்க்க வேண்டும். பிடிக்காத பெயரைப் பூவில் கட்டிவிட்டு அப்புறம் காலமெல்லாம் வருத்தப்படக் கூடாது.

செலவு என்று பார்த்தால் வேன் வாடகை, பொங்கல் சாமான், பூசாரி தட்சணை, 40 பேருக்குச் சாப்பாடு. மண்டபத்தோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. கஷ்டம் வேறு இடத்தில். போக ரெண்டு மணி நேரம், வர ரெண்டு மணி நேரம், மடியில் கைக்குழந்தை. விறகுப் புகை. பால் கொடுக்க மறைவான இடம் இல்லை. 2015-இல் தமிழ்நாட்டுப் பேருந்து நிலையங்களில் பாலூட்டும் அறை திறந்தார்கள். காட்டுக் கோயிலில் அதற்கு எங்கே போவது? வேனில் திரையை இழுத்துவிட்டு உள்ளேயே கொடுத்தாள். கழிப்பறையும் கிடையாது, பெற்ற பெண்ணுக்கு அது பெரிய அவஸ்தை. ஐந்தாம் மாதம் என்பதால் தாங்கியது. ஒரு மாதக் குழந்தையைக் கொண்டுபோயிருக்கவே முடியாது.

மொட்டையும் காதுகுத்தும் பெயரும் ஒரே நடையில் முடித்துவிடலாம் என்று சிலர் சொல்வார்கள். செலவு மிச்சம்தான். ஆனால் கத்தியைப் பார்த்து அழுத பிள்ளையிடம் அதற்குப் பிறகு பெயர் சொல்லி என்ன பயன்? தனித்தனியாக வையுங்கள்.

தள்ளிப்போடுகிறவர்கள் சான்றிதழை மறக்கக் கூடாது

பெயர் வைக்க நாளாகும் என்பதற்காகப் பிறப்பைப் பதியாமல் இருக்கக் கூடாது. 1969-ஆம் ஆண்டுப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டப்படி 21 நாளுக்குள் பிறப்பைத் தெரிவிக்க வேண்டும். ஆஸ்பத்திரியில் பிறந்தால் அவர்களே தெரிவிப்பார்கள். பெயர் இல்லாமலும் பதியலாம். அப்புறம் 12 மாதத்துக்குள் கட்டணமின்றிப் பெயரைச் சேர்க்கலாம், அதற்கு மேல் தாமதக் கட்டணத்தோடு 15 ஆண்டு வரை. ஆக, ஐந்தாம் மாதம் வைத்தாலும் சட்டத்தில் சிக்கல் இல்லை. ஆனால் அதைப் போய்ச் சேர்ப்பதற்கு ஒருவர் நினைவாக இருக்க வேண்டும். அண்ணன் அதைப் பத்தாம் மாதம் வரை தள்ளினான், நான்தான் விரட்டினேன்.

2023 அக்டோபர் 1 அன்றும் அதற்குப் பிறகும் பிறந்த குழந்தைகளுக்குப் பள்ளிச் சேர்க்கையிலிருந்து ஓட்டுநர் உரிமம் வரை பிறந்த தேதிக்கும் இடத்துக்கும் இந்தச் சான்றிதழ்தான் ஆதாரம் என்று சட்டத்தைத் திருத்திவிட்டார்கள். அதனால் காதில் மூன்று பெயர் சொன்னாலும், அதாவது குலதெய்வம் பெயர், தாத்தா பாட்டி பெயர், கூப்பிடும் பெயர் என்று, எது பதிவில் ஏறும், இனிஷியல் எங்கே வரும், ஆங்கிலத்தில் எந்த எழுத்து என்பதை விழாவுக்கு முன்னாலேயே ஒரு தாளில் எழுதி ரெண்டு பேரும் பார்த்துவிடுங்கள். தமிழில் ஒரு "ழ" இருந்தால் ஆங்கிலத்தில் அதற்கு ஆளுக்கொரு எழுத்து வைத்திருப்பார்கள்.

வீடு

தம்பி மகளுக்கு நடந்ததுதான் எனக்கு மனசுக்கு நிறைவானது. அவள் அம்மிச்சி வீடு விட்டம் போட்ட பழைய வீடு. பெயர் சொல்லும் நாள் யார் வீட்டில் என்று எங்கள் பக்கமும் கேட்டார்கள். பிள்ளை பெற்ற பெண் எங்கே படுத்திருக்கிறாளோ அங்கேதான் என்று அம்மா ஒரே பேச்சில் முடித்துவிட்டார்.

24 பேர். அம்மிச்சி தன் பழைய நூல்சேலையைத் துவைத்துக் காயவைத்து, விட்டத்துக் கொக்கியில் தொட்டில் கட்டியிருந்தார். முதலில் அம்மிக் குழவியைப் போட்டு நாலு ஆட்டு ஆட்டினார். முடிச்சு தாங்குகிறதா என்று பார்க்கத்தான் என்றார். அப்புறம்தான் பிள்ளை. தாம்பாளத்தில் பச்சரிசி பரப்பி, விரலி மஞ்சளால் தம்பி பெயரை எழுதினான். அதுவரை அந்தப் பெயர் அவர்கள் ரெண்டு பேரைத் தவிர ஒருவருக்கும் தெரியாது. எனக்கே அடுப்படியில் வைத்து அப்போதுதான் சொன்னான். அரிசியில் எழுதும்போது கை நடுங்கி ஒரு எழுத்து கோணிப்போனது, அழித்துத் திரும்ப எழுதினான்.

"மெல்லச் சொல்லுங்க கண்ணு, அவ தூங்கட்டும்" என்றார் அம்மிச்சி. வெற்றிலையால் வாயை மறைத்துக்கொண்டு குனிந்தேன். வசம்பு வாசனை. காது மடலில் பிறந்த மயிர் இன்னும் உதிரவில்லை, பூனைமயிர் போல இருந்தது. முதல் தடவை ஒன்றுமில்லை. ரெண்டாம் தடவை உதடு அசைந்தது. மூன்றாம் தடவை சொன்னபோது புருவத்தைச் சுருக்கி முகத்தை என் பக்கம் திருப்பினாள். வீடே சத்தமில்லாமல் நின்றது.

பெரியவர் ஒருவர் நாக்கில் தேன் தொட்டு வைக்க வந்தார். ஒரு வயதுக்குள் தேன் கூடவே கூடாது. அதில் இருக்கக்கூடிய ஒரு கிருமி கைக்குழந்தையின் குடலில் வளர்ந்து நஞ்சாகும், பெரியவர்களை ஒன்றும் செய்யாது. ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும்தான், சர்க்கரைத் தண்ணீரும் வேண்டாம். அம்மிச்சியே தேன் கிண்ணத்தை வாங்கி வைத்துவிட்டு, வந்திருந்தவர்களுக்குச் சர்க்கரையைக் கொடுத்துவிட்டார். இதை முன்கூட்டியே வீட்டுப் பெரியவர் ஒருவரிடம் சொல்லி வைப்பது நல்லது. சபையில் சின்னவர்கள் தடுத்தால் மனஸ்தாபம் வரும்.

வீட்டிலும் குறை இருக்கிறது. வேலை எல்லாம் அம்மிச்சி தலையில் விழுந்தது. பேறுகாலம் பார்த்து ஏற்கெனவே களைத்தவர். அடுத்தவர்கள் கேட்டால் சமையலை மட்டுமாவது வெளியில் சொல்லிவிடுங்கள் என்பேன். அதைவிடப் பெரிது, கூப்பிடாத சொந்தம். தேனியில் இருக்கும் பெரியத்தை ஆறு மாதம் எங்களோடு பேசவில்லை. பிள்ளையைப் பார்க்க அவருக்கும் ஆசை இருக்காதா? அந்தக் கோபத்தில் நியாயம் இருந்தது. நாலாம் மாதம் சின்னதாக ஒரு ஹாலில் விருந்து வைத்தோம். சீர், போட்டோ, சாப்பாடு எல்லாம் அன்று. அதை 16-ஆம் நாளுக்கு முன்பே சொல்லியிருந்தால் பெரியத்தை கோபித்திருக்க மாட்டார்.

என்னோடு வேலை பார்க்கும் கத்தோலிக்கத் தோழி வீட்டில் இதே பிரிப்பு இயல்பாகவே இருக்கிறது. கோயிலில் திருமுழுக்கு, அப்புறம் விருந்து. அங்கே ஞானத்தாய், ஞானத்தகப்பன் என்று பொறுப்பெடுப்பவர்களுக்குப் பொதுவாக 16 வயது நிறைந்திருக்க வேண்டும். பிள்ளையின் வளர்ப்பில் அவர்களுக்குப் பிறகும் பங்கு உண்டு. அத்தை முறையும் அப்படித்தான் என்று நான் நினைக்கிறேன்.

சித்தி மகளிடம் சொன்னது இதுதான்: பெயர் வீட்டில், 16-ஆம் நாள், ஊர்ச் சாப்பாடு நாலாம் மாதம், பெயரில் தகராறு வந்தால் மட்டும் கோயில். அவள் மாமியாருக்கு மண்டபம்தான் ஆசை. நாலாம் மாத மண்டபத்துக்கு இப்போதே சொல்லிவைத்தால் அவரும் ஒத்துக்கொள்வார், பத்திரிகையில் பெயரும் போட்டுக்கொள்ளலாம், அதற்குள் பிள்ளை அதைக் கேட்டிருக்கும். அவள் நாத்தனார் ஓசூரில் வேலை பார்க்கிறாள், லீவு எளிதில் கிடைக்காது. ஜோசியரிடம் போவதற்கு முன்னால் அவளுக்குப் போன் போட்டு எந்த நாள் வர முடியும் என்று கேட்கச் சொல்லியிருக்கிறேன்.