பிளெக்ஸி டைமிங் + மெட்ரோ: ஒரு வருஷம் போயிட்டு வந்த அனுபவம்

திருவொற்றியூர்ல வீடு, கிண்டில ஆபீஸ். 2021 பிப்ரவரில விம்கோ நகர் வரைக்கும் சென்னை மெட்ரோ வந்ததுலேர்ந்து ப்ளூ லைன்லதான் போறேன், எங்கயும் மாற வேண்டாம், ஒரே வண்டி. அதுக்கு முன்னாடி கன்டெய்னர் லாரிங்க நடுவுல ஸ்கூட்டி ஓட்டிட்டு போனத நெனச்சா இப்பவும் வயிறு கலங்குது.

ஆனா மெட்ரோவோட முழு அருமை தெரிஞ்சது போன வருஷம் ஆபீஸ்ல பிளெக்ஸி டைமிங் கொடுத்தப்புறம்தாங்க. 11லேர்ந்து 4 வரைக்கும் கண்டிப்பா இருக்கணும், மிச்சத்த முன்னாடியோ பின்னாடியோ வச்சுக்கலாம். நான் 7 டு 4 எடுத்துக்கிட்டேன். சாயங்காலம் 5லேர்ந்து 8 வரைக்கும் பீக் அவர், 6 நிமிஷத்துக்கு ஒரு வண்டி விட்டாலும் கிண்டில ஏறுறப்பவே நிக்கத்தான் இடம் இருக்கும், சென்ட்ரல் வரைக்கும் லேப்டாப் பேக்க முன்னாடி மாட்டிக்கிட்டு ஒத்தக் கால்ல நின்னு வீட்டுக்குப் போனா பையன்கிட்ட பேசக்கூட தெம்பு இருக்காது. இப்ப 4:10க்கு ஏறுறேன், உக்காந்து வரேன். காலைல 6 மணி வண்டில ஜிஎச் (சென்ட்ரல் பக்கத்துல இருக்கிற அரசு பொது மருத்துவமனை) டூட்டிக்குப் போற நர்ஸ் அக்காங்க ரெண்டு மூணு பேர் பழக்கமாயிட்டாங்க, ஒருத்தங்க தேரடி ஸ்டேஷன்லேர்ந்து கண்ண மூடினா சென்ட்ரல் வர்றப்ப கரெக்டா தானா முழிச்சுக்குவாங்க!

வேலை? நான் அக்கவுன்ட்ஸ். 7லேர்ந்து 9 வரைக்கும் ஃப்ளோர்ல சத்தமே இருக்காது, வெண்டார் பில் எல்லாம் அப்பவே முடிச்சிடுவேன். முன்னாடி மாசக் கடைசில ஜிஎஸ்டி நம்பர் தப்பாப் போட்டு பில்லு திரும்பித் திரும்பி வரும், இப்ப எப்பவாவது ஒண்ணு வந்தா உண்டு.

கஷ்டம் என்னன்னா, எங்க மேனேஜர் வர்றதே 11க்கு, அவர் சாயங்காலம் 5:30க்கு மீட்டிங் கால் போடுவாரு. நாம காலைல 7க்கு பஞ்ச் வச்சது யார் கண்ணுலயும் படாது, 4 மணிக்கு பேக்கத் தூக்கினா மட்டும் எல்லாரும் திரும்பிப் பாப்பாங்க. இது ரொம்ப வலிக்குது. டைமிங்க மாத்திக்கோன்னு சொன்னா அந்த டைமிங்க மதிக்கவும் செய்யணும் இல்லையா?

மெட்ரோவுக்கு 5க்கு 5 தாராளமா தரலாம். எங்க தெருவுல 5:45க்கு ஷேர் ஆட்டோ கிடைக்காது, வீட்டுக்காரர்தான் டிராப் பண்றாரு, அத மட்டும் யோசிச்சு வச்சுக்கோங்க. சிங்காரச் சென்னை கார்டு வாங்கிடுங்க, டிக்கெட் 20% கம்மி.