தமிழில் பாடக் குறிப்புக்குச் சொந்தச் சுருக்கெழுத்து: எது நிலைத்தது, எது காலை வாரியது

குரூப் 2 தேர்வுக்கு அரசியலமைப்புப் பாடத்தைச் சுருக்கெழுத்தில் குறித்துவைப்பவர்களுக்கு முதலில் பிடிபடுவது இது: தமிழில் நேரத்தைத் தின்பது சொல்லின் வால்தான். நியமிக்கப்படுகிறார், சேர்க்கப்பட்டுள்ளது, நிறைவேற்றப்பட்டது என்று பாதி எழுத்து அங்கேயே போய்விடுகிறது. ‘ப்படு’ வரும் இடமெல்லாம் வினையின் தலையை எழுதி ஒரு சாய்கோடு போட்டால் போதும்: நியமி/, சேர்/, நிறை/. ‘மேற்படி’க்குப் பழைய பத்திரங்களில் வரும் ௸ இன்றைக்கும் கைகொடுக்கிறது.

‘44ஆவது சட்டத்திருத்தம் 1978இல் சொத்துரிமையை அடிப்படை உரிமைகளிலிருந்து நீக்கி, 300அ பிரிவில் சட்ட உரிமையாக வைத்தது’ என்ற வரி, ‘44தி 1978: சொத்து, அ.உ → 300அ ச.உ’ என்று அடங்கிவிடும். ஆண்டில் மட்டும் கை வைக்கக் கூடாது. வெறும் ‘85’ என்றால் காங்கிரஸ் தொடங்கிய 1885ஆ, கட்சித்தாவல் தடை வந்த 1985ஆ?

முதலெழுத்துச் சுருக்கம்தான் அதிகம் ஏமாற்றும். உச்ச நீதிமன்றமும் உ.நீ., உயர் நீதிமன்றமும் உ.நீ.! உச்.நீ, உயர்.நீ என்று பிரிப்பதே வழி. மக்களவைக்கு ம.அ., மாநிலங்களவைக்கு மா.அ. என்று வைத்தால் வேகத்தில் ‘மா’வின் துணைக்கால் விழுந்துபோகும். லோக்சபா, ராஜ்யசபா என்பதிலிருந்து லோ, ரா என்று வைத்தால் குழப்பமே இல்லை. ஆங்கிலத்தில் செய்வதுபோல உயிரொலியை உதிர்ப்பதும் இங்கே எடுபடாது. வரி, வரை இரண்டும் ‘வர’ என்றே நிற்கும்.

எதிர்மறைக்குப் புள்ளி, சிறு கோடு எதுவும் வேண்டாம். ‘நீக்/’ பக்கத்தில் வைத்த புள்ளி, மை மங்கியதும் காணாமல் போய், நீக்கப்படாதது நீக்கப்பட்டதாகிவிடும். ‘தவறான கூற்று எது’ என்று கேட்கும் தேர்வில் இது நேராக மதிப்பெண்ணில் அடிக்கும். ‘இல்லை’ என்று முழுசாகவே எழுதுங்கள்.

குறிகள் முப்பதைத் தாண்டினால் குறிகளையே தனியாகப் படிக்க வேண்டிவரும். பட்டியலை நோட்டின் கடைசிப் பக்கத்தில் வையுங்கள். ஒரு பாடத்தில் நாலைந்து முறை வராத சொல்லுக்குப் புதுக் குறி வேண்டாம். புரியாத வரியை அன்று இரவே விரித்து எழுதிவிட வேண்டும், மறுவாரம் அது யார் எழுதியதோ என்றிருக்கும்.

முதன்மைத் தேர்வுக்கு வேறொரு சிக்கல். சுருக்கத்திலேயே திருப்பிப் பார்த்துப் பழகிய கை, விடைத்தாளிலும் ‘அ.உ’ என்று எழுதும். அந்தக் கட்டத்தில் தினம் ஒரு கேள்விக்காவது குறிப்பைப் பார்த்து முழு வாக்கியத்தில் விடை எழுதிப் பழக வேண்டும்.