கட்டைவிரல் அடிமூட்டு அறுவை சிகிச்சை: ஓராண்டுக்குப் பின் ஒரு மதிப்பீடு

சாவியைத் திருப்பவும் ஈரத்துணியைப் பிழியவும் முடியாமல் மூன்றாண்டுகள் தவித்த என் அம்மாவுக்கு, மதுரையிலுள்ள ஒரு தனியார் மருத்துவமனையின் கை அறுவை சிகிச்சைப் பிரிவில் சென்ற ஆண்டு வலக்கைக் கட்டைவிரலின் அடிமூட்டில் அறுவை சிகிச்சை செய்தார்கள். கைப்பட்டையும் ஸ்டீராய்டு ஊசியும் பலன் தராத பிறகே மருத்துவர் அறுவை சிகிச்சையைப் பற்றிப் பேசினார் என்பதை முதலில் பாராட்ட வேண்டும்.

தேய்ந்த மூட்டின் அடியிலுள்ள டிரபீசியம் என்னும் சிறிய மணிக்கட்டு எலும்பை முழுவதுமாக அகற்றுவதே இந்தச் சிகிச்சை. 1949 முதல் மருத்துவ ஏடுகளில் பதிவாகியுள்ள முறை இது. எலும்பு இருந்த இடத்தில் முன்கைத் தசைநாண் ஒன்றைச் சுருட்டி வைப்பதும் உண்டு என்றாலும், எலும்பை மட்டும் எடுப்பதைவிட அது மேலானது என்று ஒப்பீட்டு ஆய்வுகள் நிறுவவில்லை என்பதை அவர் மறைக்காமல் விளக்கினார். கையை மட்டும் மரத்துப்போகச் செய்து முடித்து, அன்று மாலையே வீட்டுக்கு அனுப்பினார்கள்.

குறை பின்னால்தான் வந்தது. நான்கு வாரம் மாவுக்கட்டு என்று சொன்னவர்கள், கிள்ளிப் பிடிக்கும் வலு திரும்புவதற்குப் பல மாதங்கள் ஆகும் என்பதைச் சொல்லவே இல்லை. ஒரு பல் பூண்டைக்கூட உரிக்க முடியாமல், சிகிச்சை தோற்றுவிட்டதென்று எண்ணி அம்மா அழுதார். பயிற்சியாளர் தந்த மென்மையான களிமண் உருண்டையை நாள்தோறும் பிசைந்து, எட்டாம் மாதத்தில் ஊறுகாய் ஜாடியின் மூடியைத் தானே திறந்தார். விரல் சற்றுக் குட்டையாகத் தெரிகிறது, வலி இல்லை.